போஸ்டர் முதலா, காப்புரிமை மனு முதலா?

கேள்வி
வணக்கம். பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இறால் குளத்து நீரில் அம்மோனியா அளக்கும் சென்சார், மேல்பூச்சுதான் புதுமை. அடுத்த மாதம் கோலாலம்பூர் மாநாட்டில் போஸ்டர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று பத்து மாதிரிகள் கேட்கிறது. காப்புரிமைக்கு எப்போது மனு போடுவது? உரிமை யாருக்கு?

பதில் 1
மனுதான் முதலில். நாமே வெளியிட்டதற்கு மலேசியாவிலும் அமெரிக்காவிலும் ஓராண்டு சலுகை உண்டு, அதற்குள் மனு போட்டால் போதும். ஐரோப்பாவில் மாநாட்டுப் போஸ்டருக்கெல்லாம் சலுகை கிடையாது, அங்கே கதவு அன்றே மூடிவிடும். போஸ்டர் நாளை மட்டும் பார்க்காதீர்கள். ஆய்வுச் சுருக்கத்தை அமைப்பாளர்கள் முன்கூட்டியே இணையத்தில் ஏற்றினால் அந்தத் தேதிதான் கணக்கு. கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை இன்றே பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கொடுங்கள். மனு தயாராகாவிட்டால் போஸ்டரில் அளவீட்டு வரைபடம் மட்டும் இருக்கட்டும். பூச்சின் பொருள், விகிதம், உலர்த்தும் வெப்பநிலை மூன்றும் வேண்டாம்.

பதில் 2
மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டப்படி ஊழியர் வேலையில் கண்டுபிடித்தது பொதுவாக முதலாளிக்கு. மாணவர் ஊழியர் அல்ல. ஆகவே பதிவுப் படிவத்தையும் உதவித்தொகை ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படியுங்கள். உரிமை மாற்றுப் பத்திரத்தில் எல்லாரும் இப்போதே கையெழுத்திடுவது நல்லது. பட்டம் வாங்கி வெளிநாடு போனவரைத் தேடுவது பெரும்பாடு. மரியாதைக்காக ஆய்வகத் தலைவர் பெயரைக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்கவே கூடாது. முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் தோண்டுவது அதைத்தான்.

பதில் 3
மாதிரிக்கு வருகிறேன். வெறும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போதாது. பூச்சைச் சுரண்டி எக்ஸ்ரே கருவியில் வைத்தால் அதிலுள்ள உலோகங்கள் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். "பகுப்பாய்வு செய்யக்கூடாது, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று மாதிரி கொடுக்கும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மாதிரிகளை எண்ணிட்டுக் கொடுங்கள்.

உரிமம் பேசும்போது ராயல்டி லாபத்தின் மேல் அல்ல, நிகர விற்பனையின் மேல். லாபத்தைக் கணக்கில் காணாமல் ஆக்கிவிடலாம். தனியுரிமை, அதாவது வேறு யாருக்கும் தராத உரிமம் கேட்டால் இறால் வளர்ப்புக்கு மட்டும் கொடுங்கள். குறைந்தபட்ச ஆண்டுத் தொகையும், குறித்த நாளுக்குள் சந்தைக்கு வராவிட்டால் தனியுரிமை போகும் என்ற விதியும் வேண்டும்.

காலக்கெடு: முதல் மனுவிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் சர்வதேச மனு), 30ஆம் மாதத்தில் நாடு நாடாகக் கட்டணம், மொழிபெயர்ப்பு. பில் கனக்கும் இடம் இதுதான். அதற்குள் உரிமம் வாங்க ஆள் இல்லையென்றால் பல்கலைக்கழகம் நாடுகளைக் கைவிடத் தொடங்கும்.

கேட்டவர்
நன்றி. சுருக்கம் போன வாரமே அனுப்பியாயிற்று. பூச்சின் பொருள் அதில் இருக்கிறது.

பதில் 1
இன்னும் இணையத்தில் ஏறவில்லையென்றால் இன்றே மின்னஞ்சல் போட்டு மாற்றுப் பிரதி அனுப்புங்கள். ஏறிவிட்டதென்றால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து, படிவத்துடன் இணைத்துவிடுங்கள்.