சுமாத்திரா, யாவா அண்டசைட் கல் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். திருகோணமலையில் மாணவர்களுக்கான புவிச்சரிதவியல் செயலமர்வுக்கு சுமாத்திரா அல்லது யாவா எரிமலையின் அண்டசைட் கல் (எரிமலைக் குழம்பு இறுகி உண்டாகும் ஒரு பாறை) தேவை. இங்கே கிடைப்பதெல்லாம் மிகப் பழைய உருமாறிய பாறை; கன்னியா வெந்நீரூற்றும் எரிமலையால் வந்ததல்ல (பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்).

கைப்பிடி அளவு போதும். பழுப்பேறி உக்கிய கல் வேண்டாம்: அதில் பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் களிமண்ணாகியிருக்கும், நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக 0.03 மி.மீ. தடிப்புக்குத் தேய்க்கும்போது பிய்ந்து போய்விடும். ஹோர்ன்பிளென்ட் என்ற கனிமம் கறுப்பு ஊசிகளாகத் தெரிந்தால் மிக நல்லது. நீர் நிறைந்த மக்மாவில்தான் அது விளையும். பாடத்தின் உயிரே அந்த நீர்தான். இன்னொரு தகட்டின் அடியில் அமிழும் புவித்தகடே உருகி எரிமலைக் குழம்பாகிறது என்றுதான் மாணவர்கள் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் தகடு விடும் நீர் மேலேயுள்ள மென்மூடிக்குள் (புவியின் மேலோட்டுக்குக் கீழான பாறைப் படை) ஏறி, அதன் உருகுநிலையைச் சில நூறு பாகை குறைக்கிறது. உருகுவது மென்மூடி. முதலில் வருவது பசோல்ட் என்ற, சிலிக்கா குறைந்த குழம்பு. ஒலிவைன் போன்ற கனிமங்கள் அதிலிருந்து படிந்து பிரிய, மேலோட்டுப் பாறையும் கலக்க, சிலிக்கா 57–63 சதவீதத்துக்கு உயர்ந்து அண்டசைட் ஆகிறது.

கல் இல்லாதவர்கள் நுணுக்குக்காட்டிப் படமாவது தாருங்கள், அளவுகோலுடன். எந்த எரிமலை, எந்தப் பக்கச் சரிவு என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும்.