மூன்று குரல்களும் ஒரு ஜோடிச் செருப்பும்

1998ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இலண்டனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான முதியவர், தம் இளமையில் வாங்கிய இசைத்தட்டு ஒன்றை எனக்காக ஒரு மாலையில் சுழலவிட்டார். வீட்டில் கணப்பு எரிந்த ஒரே அறை அவருடையது என்பதால்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசியின் கரகரப்புக்குப் பின் மூன்று குரல்கள் எழுந்தன. வாத்தியம் எப்போது சேரும் என்று காத்திருந்தேன். பாட்டு முடியும்வரை எதுவும் சேரவில்லை.

அந்தக் குழுவின் பெயர் தி யங் ட்ரடிஷன். பிரிட்டனில் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சி உச்சத்தில் இருந்த 1965இல் பீட்டர் பெல்லமி, ஹெதர் வுட், ராய்ஸ்டன் வுட் ஆகிய மூவரும் சேர்ந்து தொடங்கியது. பின்னிருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவு ஏதுமில்லை. சசெக்ஸ் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் குரல் சேர்த்துப் பாடிவந்த காப்பர் குடும்பத்தாரே இவர்களுக்கு வழிகாட்டிகள். பெல்லமியின் குரல் மூக்கிலிருந்து வருவது. முதலில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்ததென்றே சொல்வேன். ஆனால் ராய்ஸ்டனின் கனத்த அடிக்குரல் கீழே வந்து தாங்கியதும் அதே குரல் கத்தியைப்போல் கூர்மை கொண்டது. இவர்களைப் போலவே வாத்தியமின்றிப் பாடிய வாட்டர்சன் குடும்பத்தார் அடைந்த புகழில் பாதிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

1966இல் வெளிவந்த அந்த முதல் தட்டில் 'லைக் வேக் டர்ஜ்' என்றொரு பாடல் உண்டு. யார்க்ஷயர் பகுதியில் பிணத்தின் அருகே இரவெல்லாம் விழித்திருந்து பாடிய பழம்பாட்டு. ஜான் ஆப்ரி என்பவர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்திருக்கிறார். இறந்தவரின் உயிர் முதலில் முள் மண்டிய ஒரு மேட்டுநிலத்தைக் கடக்க வேண்டும். உயிரோடிருந்தபோது யாருக்காவது செருப்புத் தானம் செய்திருந்தால், அங்கே உட்கார்ந்து அதைப் போட்டுக்கொள்ளலாம். செய்யாதவரை முள் எலும்புவரை குத்தும். அதைத் தாண்டினால் அச்சமூட்டும் ஒரு பாலம்.

பெரியவர் இதை விளக்கியதும் எனக்கு உடல் சிலிர்த்தது. என் தாத்தாவின் கருமாதியன்று ஐயருக்குக் குடையும் புதுச் செருப்பும் கொடுத்தார்கள். எமலோகப் பாதையில் தாத்தாவின் கால் சுடாமலிருக்க என்றார்கள். அளவு சிறியதாகிவிட்டதால் ஐயர் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தெருவில் நடந்து போனதைப் பார்த்து நாங்கள், பிள்ளைகள், சிரித்துவிட்டு அடி வாங்கினோம். இதைச் சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை. அவர்கள் பாட்டில் இறந்தவர் தாமே கொடுத்திருக்க வேண்டும், எங்கள் வழக்கத்திலோ பிள்ளைகள் கொடுக்கிறார்கள். அப்படியானால் பிள்ளை மறந்துவிட்டால் தகப்பன் முள்ளில் நடக்க வேண்டியதுதானா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

குழு 1969இலேயே கலைந்துவிட்டது. ராய்ஸ்டன் 1990இலும், 1977இல் 'தி டிரான்ஸ்போர்ட்ஸ்' என்னும் நாட்டுப்பாடல் இசை நாடகத்தைப் படைத்த பெல்லமி 1991இலும் இறந்தார்கள். நான் அந்தத் தட்டைக் கேட்டபோதே அம்மூன்று குரல்களில் இரண்டு அடங்கிவிட்டிருந்தன. ஹெதர் அமெரிக்காவில் குடியேறி, அங்கே பாடிக்கொண்டிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து என் தந்தை இறந்தபோது, கருமாதிச் சாமான் பட்டியலோடு கடைக்குப் போன தம்பியை நிறுத்தி, முதலில் ஐயருக்குத் தொலைபேசியில் பேசி அவருடைய செருப்பு அளவைக் கேட்டேன். இத்தனை வருடங்களில் யாரும் கேட்டதில்லை என்று சொல்லிச் சற்றுத் தயங்கிவிட்டு, ஒன்பதாம் நம்பர் என்றார்.