ரோபோ மூலம் நுரையீரல் சோதனை: அப்பாவுக்கு முழு மயக்கம் அவசியமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், 69 வயது, சர்க்கரை உண்டு, குறட்டையும் பலம். சிடி ஸ்கேனில் வலது நுரையீரல் ஓரத்தில் சின்னக் கட்டி தெரிகிறது. ரோபோ உதவியோடு உள்ளே போய்ச் சதை எடுக்கலாம், ஆனால் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் வைப்போம் என்கிறார்கள். பக்கத்து லயத்து மாமாவுக்கு ஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டு) பார்த்தபோது தொண்டையில் மருந்து அடித்து, ஒரு தூக்க ஊசி போட்டதோடு சரி. அப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? அவர் ரொம்பப் பயப்படுகிறார்.

பதில் 1:
தங்கச்சி, நான் ஸ்கோப் அறையில் வேலை செய்யும் தாதி. மாமாவுக்குப் பார்த்தது பெரிய மூச்சுக்குழாயாக இருக்கும். அதற்கு மிடாசோலம், ஃபென்டானில் போன்ற மருந்துகளால் வரும் அரைமயக்கம் போதும், நடுவில் இருமினாலும் சமாளித்துவிடலாம். ரோபோ போவதோ ஓரத்தில் உள்ள மெல்லிய கிளைகளுக்குள், வழிகாட்டுவது முன்பே எடுத்த சிடி படம். அது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம், ஆகவே சோதனையின்போது கட்டி அதே இடத்தில் இருக்காது. கூடவே இருமலும் வந்தால் ஊசி கட்டிக்குப் பக்கத்தில் குத்திவிடும். அதனால்தான் பெரும்பாலும் முழு மயக்கம், தசை தளர்த்தும் மருந்து, வெண்டிலேட்டர் எல்லாம். முழு மயக்கத்திலும் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கட்டியை மறைக்கலாம். மயக்க டாக்டர் காற்றழுத்தத்தைக் கூட்டி, ஆக்சிஜனை அளவோடு வைத்து அதைக் குறைக்கப் பார்ப்பார். குறட்டை உள்ளவருக்கு அரைமயக்கம்தான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும், குழாய் இருந்தால் வழி திறந்தே இருக்கும்.

பதில் 2 (தெலுக் இந்தான்):
எங்க அம்மாவுக்கு முழு மயக்கத்தில்தான் செய்தார்கள், எழுந்ததும் தொண்டை வலி, கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். ஆனால் முதல் தேதி தள்ளிப்போனது, பாட்டி வெறும் வயிறாக இருக்கிறாரே என்று பேத்தி காலையில் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டாள். சாப்பாடு, பால் எதுவானாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம், உங்க ஆஸ்பத்திரி வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள். மாத்திரைகளை எல்லாம் பையோடு கொண்டுபோங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணன். அப்பா வாரம் ஒருமுறை சர்க்கரைக்கு ஊசி போடுகிறார், அதையும் சொல்லணுமா?

பதில் 1:
கட்டாயம், இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். அதில் சில ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், சதை எடுத்த இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்க ஒரு சிறு வாய்ப்பு உண்டு. அன்று ராத்திரி தோட்டத்துக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே எமர்ஜென்சி.