வீட்டு டிவிடிகளைச் சுருக்கிச் சேமிக்க என்கோடரில் எந்த அமைப்பை வைப்பது?

கேள்வி: செல்லூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். 2005இல் நடந்த அக்காவின் திருமணமும், அதற்குப் பின் அப்பா தம் ஹை-8 கேமராவில் எடுத்த சித்திரைத் திருவிழாக் காட்சிகளும் எங்கள் வீட்டுப் பீரோவில் 11 டிவிடிகளாக இருக்கின்றன. இரண்டு டிஸ்க்குகளைப் படிக்கும்போது டிரைவ் திணறத் தொடங்கியதால், எல்லாவற்றையும் அவசரமாகக் கணினிக்கு ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். மொத்தம் 46 ஜிபி வருகிறது. இவற்றைச் சுருக்கி, 16 ஜிபி பென்டிரைவில் போட்டு அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் கொடுக்க வேண்டும். இருவரும் டிவியில் செருகித்தான் பார்ப்பார்கள்.

முதல் முயற்சியாக, பழைய சிடி பழக்கத்தில் ஒரு டிஸ்க்கை 700 எம்பிக்குள் அடங்குமாறு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் பிட்ரேட்டை (ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவின் அளவை) குறைத்து வைத்தேன். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நன்றாகவே தெரிகிறார்கள். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் இடத்தில், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்போது படம் முழுவதும் கட்டங்கட்டமாக உடைகிறது. கை வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகளும் விழுகின்றன. பிட்ரேட்டை எவ்வளவு கூட்டினால் இவை இரண்டும் போகும்?

பதில் 1: திருநகர் வாசகர்

தம்பி, நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கட்டங்கள் பிட்ரேட் போதாததால் வருபவை. சீப்புக் கோடுகளோ பிட்ரேட்டை எவ்வளவு கூட்டினாலும் போகாது. நம் ஊர் டிவிடிகள் பால் (PAL) என்ற டிவி முறையில் 720 x 576 புள்ளி அளவில் இருக்கும். கேமராவில் எடுத்த காட்சிகளில் நொடிக்கு 25 ஃபிரேம் (முழுப் படம்) என்றாலும், ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளுமாக, நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிட்ட கையை ஒரே படமாக அடுக்கிக் காட்டும்போதுதான் சீப்பு முளைக்கிறது. ஆகவே இந்தச் சீப்பை நீக்கும் டிஇண்டர்லேஸ் பகுதியில் பிவ்டிஃப் (Bwdif) வடிகட்டியைத் தேர்ந்து, அதில் 'பாப்' (Bob) முறையை வைத்து, ஃபிரேம் வேகத்தை 50 ஆக்குங்கள். ஒவ்வொரு ஃபீல்டும் தனிப் படமாகிவிடுவதால், டியூப் டிவியில் பார்த்த அதே வழுவழுப்பான அசைவு கிடைக்கும்.

இனிக் கட்டங்களுக்கு வருகிறேன். இத்தனை எம்பி என்று அளவை முதலில் முடிவுசெய்தால், மணவறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு வேண்டியதற்கு மேல் கிடைக்கலாம். தண்ணீர் பீய்ச்சும் காட்சிக்கோ போதாமல் போகும். ஒவ்வொரு துளியும் அடுத்த படத்தில் வேறிடத்தில் இருப்பதால், முந்தைய படத்திலிருந்து கடன் வாங்கிச் சேமிக்க என்கோடருக்கு (படத்தைச் சுருக்கும் நிரலுக்கு) அங்கே வழியே இல்லை. அதனால் சராசரி பிட்ரேட்டை விட்டுவிட்டு, எக்ஸ்264 என்கோடரில் நிலையான தரம் என்ற முறைக்கு மாறுங்கள். இந்த அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரையிலான எண் பொருந்தும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். ஆறு எண் இறக்கினால் பிட்ரேட் ஏறத்தாழ இரு மடங்காகும். 20இல் தொடங்குங்கள். சுருக்கும் வேகத்தைக் குறிக்கும் பிரீசெட்டை 'ஸ்லோ'வில் வையுங்கள். அதைவிட மெதுவானதற்குப் போனால் நேரம்தான் போகும், பலன் சொற்பம்.

முழு டிஸ்க்கையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அந்தத் தண்ணீர் வரும் ஒரு நிமிடத்தை மட்டும் 18, 20, 22 என மூன்று முறை ஓட்டி, டிவியில் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். வித்தியாசம் தெரியாத எண்களில் பெரியதே உங்களுக்கான எண்.

பதில் 2: மேலூர் எடிட்டர்

மேலே ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். திருமண வீடியோக்களை வெட்டி ஒட்டியே பிழைப்பவன் என்பதால் இன்னும் சில சொல்கிறேன். முதலில் ஒலியைப் பாருங்கள். சில டிவிடிகளில் ஒலி சுருக்கப்படாத எல்பிசிஎம் ஆக, 1536 கிலோபிட் வேகத்தில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு அதுவே ஏறத்தாழ 690 எம்பி பிடிக்கும். அப்படி இருந்தால் 192 கிலோபிட் ஏஏசி என்ற சுருக்கிய ஒலி வடிவமாக்கிவிடலாம். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஏசி3 ஆக இருந்தால் தொடாமல் அப்படியே கடத்துங்கள், ஒரு முறை சுருக்கிய நாதசுரத்தை மறுபடியும் சுருக்கினால் காதில் குத்தும்.

இரைச்சல் நீக்கும் வடிகட்டியை மிக லேசாக மட்டும் போடுங்கள். இருட்டில் எடுத்த காட்சிகளின் பொறிப்பொறியான இரைச்சல் பிட்டுகளைத் தின்பது உண்மைதான். ஆனால் கொஞ்சம் அழுத்தினாலும் பட்டுப்புடவையின் ஜரிகை மஞ்சள் பூச்சாகிவிடும். கேசட்டிலிருந்து வந்த படம் என்பதால் அடியில் சில வரிகள் கிழிந்தாற்போல் இருக்கக்கூடும், அவற்றை வெட்டிவிடுங்கள். 1080க்குப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள், டிஸ்க்கில் இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது.

பழைய டிவிகளை நம்பி, அடுத்த தலைமுறை என்கோடரான எக்ஸ்265க்குப் போக வேண்டாம், எச்.264 (எக்ஸ்264 உருவாக்கும் வடிவம்), 8 பிட், எம்பி4 என்றே வையுங்கள். லெவல் (படத்தின் அளவுக்கும் வேகத்துக்குமான வரம்பு) 3.0 என்று எங்காவது பூட்டி வைத்திருந்தால் 3.1க்கு மாற்றுங்கள், ஏனென்றால் இந்த அளவுப் படத்தில் 3.0 நொடிக்கு 25 ஃபிரேமோடு நின்றுவிடும். இன்னொன்று, சுருக்கியதும் அந்த 46 ஜிபியை அழித்துவிடாதீர்கள். டிஇண்டர்லேஸ் செய்ததைப் பழையபடி ஃபீல்டுகளாகப் பிரிக்க வழியில்லை.

செல்லூர்க்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு நிமிடச் சோதனையில் 18க்கும் 20க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 22இல் துளிகளுக்குப் பின்னால் நிற்கும் முகங்கள் மெழுகாகின. 20இல் முழு டிஸ்க்கையும் ஓட்டியதில் 1.2 ஜிபி வந்தது. சீப்பும் இல்லை, கட்டமும் இல்லை. ஆனால் வேறொரு டிஸ்க்கில் தவில்காரரின் குச்சி முன்னே போய்ப் பின்னே வந்து துடிக்கிறது. அந்த ஒன்றில் மட்டும்தான் இப்படி.

திருநகர் வாசகர்

அந்த டிஸ்க்கில் ஃபீல்டு வரிசை தலைகீழாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, தம்பி. முதலில் வர வேண்டிய ஃபீல்டு இரண்டாவதாக வருவதால்தான் குச்சி பின்வாங்குகிறது. அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் டிஇண்டர்லேஸ் பகுதியின் கஸ்டம் அமைப்பில் பாரிட்டியை (எந்த ஃபீல்டு முதலில் என்பதை) தானியங்கியிலிருந்து எடுத்து, 1 என்று வைத்து ஓட்டுங்கள். அப்போதும் துடித்தால் 0 வையுங்கள். குச்சி ஒரே போக்கில் இறங்கினால் அதுவே சரியான வரிசை.