கலைச்சொல்: ஸ்பிளிட் ஸ்கிரீனுக்குப் ‘பகுதிரை’ சரிவருமா?

> ‘பிளவுத்திரை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா. ஆனால் அதைப் படித்ததும் கீழே விழுந்து கண்ணாடி கீறிய கைப்பேசிதான் எனக்குக் கண்ணில் வருகிறது.

சொல் தேவைப்பட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிபிசியின் ‘கப்ளிங்’ நகைச்சுவைத் தொடர் (2000–2004, எழுதியவர் ஸ்டீவன் மொஃபாட்) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள், காதல், பிணக்கு, மதுக்கூட அரட்டை. மூன்றாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் ஸ்டீவும் சூசனும் பிரிகிறார்கள்; கூடவே திரையும் நடுவில் இரண்டாகிறது. ஒரு பாதியில் அவள், தோழிகளோடு. மறு பாதியில் அவன், ஜெஃபோடும் பேட்ரிக்கோடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கண் இரண்டு பக்கமும் மேயும், காதுக்கோ ஒரு வசனம்தான் பிடிபடும். ஆகவே ஒரு பாதி பேசும்போது மறு பாதியில் முகம் மட்டுமே நடிக்க வேண்டியிருக்கிறது. எழுதியவருக்கு எவ்வளவு கணக்கு வேலை இருந்திருக்கும்!

அத்தியாயத்தின் பெயரே ‘ஸ்பிளிட்’. அங்கே ‘பிளவு’ கச்சிதம்: உறவும் பிளந்தது, திரையும் பிளந்தது. கிரிக்கெட் ஒளிபரப்பில் இரண்டு பந்துவீச்சாளர்களை அருகருகே காட்டுகிறார்களே, அங்கே பிளந்தது எது?

நன்னூலில் ‘பகுபதம்’ இருக்கிறது. பகுக்கத்தக்க பதம். அதே அச்சில் ‘பகுதிரை’ வார்த்தேன். வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது.

*

அம்மா, இலக்கணத்தில் குறையில்லை. என் பேத்தியிடம் எழுதிக் காட்டினேன். “பகுதி… ரை?” என்று நின்றுவிட்டாள். ‘இருபாதித் திரை’ என்றால் யாருக்கும் தடுக்காது.

*

மூன்றாக, நான்காகப் பிரித்தால் என்ன செய்வது ஐயா? செய்தி விவாதங்களில் ஆறு தலைகள் தெரிகின்றன.

பேத்தி தடுக்கியது நியாயம்தான். நானே இரண்டாம் முறை வாசித்தபோது தடுமாறினேன். வினைத்தொகை ஆசையை விட்டுவிட்டுப் ‘பகுப்புத் திரை’ என்கிறேன். மூன்றெழுத்து கூடினாலும் நாக்கு நிற்காது. எத்தனை பகுதிகள் ஆனாலும் தாங்கும். கட்டுரையில் அதுவே போகிறது. அத்தியாயத் தலைப்பை மட்டும் ‘பிளவு’ என்று பெயர்த்திருக்கிறேன்; அந்த ஓரிடம் உங்களுடையது.