மறுமொழி: குவிலென்சு: குவிந்ததா, குவிப்பதா?

அன்புள்ள குழுவினருக்கு,
செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நடுவில் தடித்திருப்பது குவிலென்சு, சரி. இணையாக வரும் கதிர்களை ஒளிவிலகலால் வளைத்து ஒரு புள்ளியில் சேர்ப்பதும் குவிலென்சுதானாம். "முகம் புடைத்த குவியாடி ஒளியை விரிக்கிறதே டீச்சர், அப்புறம் ஏன் குவி?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். வடிவத்துக்கு ஒரு சொல், வேலைக்கு ஒரு சொல் வேண்டும்.

*

அம்மா, குற்றம் 'குவிலென்சு' என்ற வினைத்தொகையின் மேல். 'கரங்குவிவார்' தன்வினை, நெல்லைக் குவித்தான் என்பது பிறவினை. தொகையில் காலம் மறைவதோடு இந்த வேறுபாடும் மறைகிறது. விரித்துவிடுங்கள்: குவிந்த லென்சு, குவிக்கும் லென்சு. தண்ணீருக்குள் காற்றுக்குமிழி குவிந்ததுதான், ஆனால் ஒளியை விரிக்கும். ஏனென்றால், ஒளியை வளைக்கும் திறனைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, சுற்றியுள்ள நீருக்கு அதைவிட அதிகம், 1.33. (குவளை, கூம்பு, குப்பை எல்லாம் இதே வேர் என்பது என் கட்சி. தனி மடலில் விரிவாக.)

*

ஐயா, தனி மடலிலேயே இருக்கட்டும். 'லென்சு' எதற்கு? எங்கள் இலங்கைப் பாடநூல்களில் வில்லைதானே? சூட வில்லை தெரியாத வீடு உண்டா? லத்தீனில் 'லென்ஸ்' என்றால் மைசூர்ப் பருப்பு; வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். அவர்கள் பருப்பு என்றால் அறிவியல், நாம் வில்லை என்றால் பழம்பெருமையா?

*

கண்ணாடிக் கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? வில்லை என்றால் எனக்கு மாத்திரைதான் நினைவுக்கு வருகிறது. +2 பவர் வாசிப்புக் கண்ணாடிக்குக் குவியத் தொலைவு, அதாவது ஒளி சேரும் புள்ளிக்கான தூரம், 50 செ.மீ. அதன் கண் பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் குழிந்திருக்கும். வெளிப்பக்கம் அதைவிட அதிகமாக வளைந்திருப்பதால் மொத்தத்தில் ஒளி குவிகிறது. இதைக் 'குவிந்த' என்பதா, 'குழிந்த' என்பதா? கடையில் 'பிளஸ் லென்ஸ்' என்போம், வேலை முடிந்தது.

*

ஐயா, அந்தக் கண்ணாடியே எனக்கு வழி காட்டியது; அதற்குக் 'குவிக்கும்' மட்டும்தான் பொருந்துகிறது. வேலையைச் சொல்லும் இடமெல்லாம் 'குவிக்கும் லென்சு' என்று போட்டுவிட்டேன். வடிவத்துக்குப் பழைய குவிலென்சே இருக்கட்டும், பிள்ளைகள் பாடநூலோடு ஒப்பிடுவார்கள். குவியாடியைத் தொடவில்லை. வில்லைக்கு இரண்டு பேர், லென்சுக்கு ஐந்து பேர், மற்றவர்கள் பேசவேயில்லை.

*

அம்மா, வில்லை கேட்ட அந்த இருவரில் நான் ஒருவன். 'குவிக்கும்' போன்ற பெயரெச்சத்தை வைத்துக் கலைச்சொல் கட்டுவதை இன்னும் ஒப்பவில்லை. 'குவிப்பி' என்றால் என்ன குறை? அடுத்த பதிப்பு எப்போது?