உதவி தேவை: ஈராக் தாக்குதல் சார்ட் ரெண்டு மாசம் பூஜ்யம் காட்டுது, திங்கட்கிழமை செமினார்

கோத்தகிரி_மாணவி (வெள்ளி, இரவு 9.40)
அவசரம். ஈராக் போர்ல நடந்த தாக்குதல்களை மாதவாரியா எண்ணி எக்ஸெல்ல லைன் சார்ட் போட்டிருக்கேன். எல்லா மாசமும் ஒழுங்கா ஏறி இறங்குது, ரெண்டு மாசம் மட்டும் நேரா தரையைத் தொடுது. செத்தவங்க கூட்டுத்தொகையும் ரொம்ப அதிகமா வருது. ஃபைல் தப்பா, எக்ஸெல் தப்பா? திங்கட்கிழமை காலைல ஊட்டியில செமினார். இங்க விடாத மழை, கரண்ட் போய்ப் போய் வருது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

குன்னூர்_ரயிலடி (9.52)
எந்த ஃபைல்மா? ஈராக்குக்கு மட்டும் நாலஞ்சு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கோளாறு வேற. பொதுமக்கள் சாவை எண்ணற ஈராக் பாடி கவுண்ட்டா, உப்சாலா பல்கலைக்கழகத்தோட ஃபைலா, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோட ஜிடிடியா (உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம்), ராணுவக் குறிப்புகளா? எந்த ரெண்டு மாசம்? பிவட் டேபிளா, ஃபார்முலாவா?

அரவங்காடு_77 (9.58)
எந்த ஃபைலா இருந்தாலும் முதல்ல தேதியைப் பாருங்க. பத்துக்கு எட்டு தடவை அதான். அமெரிக்க ஃபைல்ல மாசம் முன்னாடி, நாள் பின்னாடி. நம்ம கம்ப்யூட்டர் இந்திய செட்டிங்ல நாளை முன்னாடி எதிர்பார்க்கும். நாள் 12 வரைக்கும் இருந்தா சத்தமில்லாம இடம் மாறிடும், மார்ச் 5 மே 3 ஆயிடும். 12ஐத் தாண்டினா தேதியாவே ஆகாது, டெக்ஸ்டா நின்னுடும். தேதி இருக்கிற காலத்தை (column) அகலப்படுத்திப் பாருங்க, வலது ஓரமா ஒட்டினா தேதி, இடது ஓரமா ஒட்டினா டெக்ஸ்ட். ரெண்டும் கலந்திருந்தா இதுதான் நோய்.

கூடலூர்க்காரன் (10.06)
எக்ஸெல்லை ஏன் திட்டணும்? 2007 ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஷியா தலைவர் முக்ததா அல்-சதர் தன்னோட மெஹ்தி படைக்குப் போர்நிறுத்தம் அறிவிச்சார். அதுக்கு முன்னாடியே அன்பார்ல சுன்னிப் பழங்குடிகள் அல்-கொய்தாவுக்கு எதிராத் திரும்பிட்டாங்க. தாக்குதல் குறைஞ்சது நிஜம். சார்ட் சரியாத்தான் காட்டுது.

குன்னூர்_ரயிலடி (10.09)
கூடலூரண்ணா, குறையறது வேற, பூஜ்யம் ஆகறது வேற. போர்நிறுத்தம் வந்தாலும் ரோட்டோரக் குண்டு நிக்கலை. அதுவும் இந்தப் பொண்ணு எந்த மாசம்னே இன்னும் சொல்லலை.

கேத்தி_பள்ளத்தாக்கு (10.21)
கேள்வி கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். ஃபைலின் பெயர் இல்லை, மாதம் இல்லை, எதைத் ‘தாக்குதல்’ என்று எண்ணினீர்கள் என்பது இல்லை. செமினாருக்கு மூன்று நாள் இருக்கும்போது அடிப்படையைக் கேட்பது தாமதம். இருந்தாலும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தாக்குதல் எண்ணிக்கை என்பது எண்ணுபவரின் வரையறை. 2006 டிசம்பரில் வந்த ஈராக் ஆய்வுக்குழு அறிக்கையில் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள், 93 தாக்குதல்கள் என்று பதிவு. அதே நாளின் தகவல்களைத் திரும்பப் புரட்டியபோது 1,100 வன்முறைச் சம்பவங்கள். அமெரிக்கர் யாருக்கும் காயம் படாத ரோட்டோரக் குண்டு கணக்கில் சேரவில்லை. ஓர் ஈராக்கியரைக் கொன்றது யார் என்று தெரியாவிட்டால் அந்தக் கொலையும் சேரவில்லை.

ஆப்கானிஸ்தானில் நேட்டோ படை 2012-இல் தாக்குதல் 7 சதவீதம் குறைந்தது என்று வெளியிட்டது. 2013 பிப்ரவரியில் அது பதிவுப் பிழை, குறையவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. பிறகு அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. வரையறை தெரியாமல் கோடு வரைந்தால் நீங்கள் காட்டுவது போரை அல்ல, பதிவேட்டை.

கோத்தகிரி_மாணவி (10.48)
மன்னிச்சுக்கோங்க, கரண்ட் போயிடுச்சு. விக்கிலீக்ஸ் வெளியிட்ட, அமெரிக்க ராணுவத்தோட ஈராக் போர்க் குறிப்புகள். எண்ணினது கவுண்ட்இஃப்ஸ் ஃபார்முலால (நிபந்தனைக்குப் பொருந்தற வரிகளை எண்ணறது), ‘எனிமி ஆக்‌ஷன்’ டைப் மட்டும். பூஜ்யம் வர்ற மாசம் 2004 மே, 2009 மார்ச். தேதி எல்லாம் வலது ஓரமாத்தான் இருக்கு. சாவு மொத்தம் ரெண்டரை லட்சத்தைத் தாண்டுது.

குன்னூர்_ரயிலடி (11.05)
இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரே பதில்ல முடிஞ்சிருக்கும்மா. உங்க எக்ஸெல் சரி. அந்த ரெண்டு மாசமும் *ஃபைல்லயே கிடையாது*. 2010 அக்டோபர்ல வெளியானது 3,91,832 குறிப்புகள். 2004 ஜனவரி 1 முதல் 2009 டிசம்பர் 31 வரை, 2004 மே, 2009 மார்ச் நீங்கலான்னு வெளியிட்டவங்களே சொல்லியிருக்காங்க. கவுண்ட்இஃப்ஸுக்கு வரி இல்லைன்னா 0 போட மட்டும்தான் தெரியும். சம்பவம் இல்லையா, காகிதம் இல்லையான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

வெளியில இருந்து சரிபார்க்கணும்னா அமெரிக்கப் படையோட சாவுக் கணக்கை எடுங்க. 2004 ஏப்ரல்ல முதல் பல்லூஜா சண்டை, நஜாஃப் பக்கம் சதர் ஆட்களோட எழுச்சி, அந்த மாசம் 135 பேர். மே மாசம் 80 பேர். எண்பது சிப்பாய் செத்த மாசத்துல தாக்குதல் பூஜ்யமா இருக்க வழியே இல்லை.

செய்ய வேண்டியது:

அந்த ரெண்டு செல்லுலயும் ஃபார்முலாவையே அழிச்சுடுங்க. வெத்து மேற்கோள் ("") போட்டு மறைக்காதீங்க, சார்ட் அதையும் பூஜ்யமா எடுத்துக்கும். அப்புறம் சார்ட் மேல ரைட் கிளிக், செலெக்ட் டேட்டா, ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ், அதுல ‘கேப்ஸ்’. கோடு அந்த இடத்துல அறுந்து நிக்கும். அறுந்து நிக்கறதுதான் நியாயம். ஏப்ரலையும் ஜூனையும் சேர்த்துக் கோடு இழுத்தா நீங்களா ஒரு மே மாசத்தை உண்டாக்கற மாதிரி.

மாத சராசரிக்கு 72ஆல வகுக்காதீங்க, 70ஆல வகுங்க. மூணு மாச நகரும் சராசரி போட்டிருந்தா அந்தப் பூஜ்யம் 2004 மே, ஜூன், ஜூலை மூணையும் கீழ இழுத்திருக்கும். அதையும் திரும்பப் போடணும். முடிஞ்சா மாசக் கணக்கை நாளால வகுத்துடுங்க. பிப்ரவரி 28 நாள், மார்ச் 31 நாள். இந்த வித்தியாசமே பத்து சதவீத ஏற்றம் மாதிரித் தெரியும்.

அரவங்காடு_77 (11.14)
சரி, தேதி இல்லை. தேதிக் கோளாறா இருந்திருந்தா 12 நாளும் 12 மாசத்துக்கும் சமமாப் பரவி எல்லா மாசமும் ஒண்ணா இளைச்சிருக்கும், ரெண்டு மட்டும் விழாது. ஒத்துக்கறேன்.

ரெண்டரை லட்சத்துக்கு வழி இருக்கு. நாலு தரப்புக்கும் ‘கில்டு’ ஒரு காலம், ‘வூண்டட்’ ஒரு காலம். காயம் பட்டவங்களையும் சேர்த்துக் கூட்டிட்டீங்க. கில்டு மட்டும் கூட்டுங்க. பொதுமக்கள் 66,081, எதிரின்னு எழுதினது 23,984, ஈராக் படை 15,196, கூட்டணிப் படை 3,771. மொத்தம் 1,09,032. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் ஃபைல் உடைஞ்சிருக்கு. சம்மரி காலத்துக்குள்ள கமாவும் அடுத்த வரியும் இருக்கிறதால, சில விதமாத் திறந்தா ஒரு குறிப்பே மூணு வரியாப் பிரிஞ்சு எண்ணெல்லாம் பக்கத்துக் காலத்துக்கு நகர்ந்துடும். வரி எண்ணிக்கை 3,91,832 வருதான்னு முதல்ல பாருங்க.

கேத்தி_பள்ளத்தாக்கு (11.30)
பெரிய தவறு இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. ‘எனிமி ஆக்‌ஷன்’ மட்டும் எடுத்தேன் என்கிறார். அந்த ஃபைலில் ‘மர்டர்’ என்ற வகை ‘கிரிமினல் ஈவென்ட்’ என்ற டைப்பின் கீழ் இருக்கிறது. 2006 பிப்ரவரி 22 அன்று சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலமான அல்-அஸ்கரி தகர்க்கப்பட்ட பிறகு, பாக்தாத் தெருக்களில் கையைக் கட்டித் தலையில் சுட்டுப் போட்ட உடல்கள் எல்லாம் அந்த வகைக்குத்தான் போயின. அதை விட்டுவிட்டு 2006-ஐ வரைந்தால், ஐ.நா. அலுவலகம் 34,452 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகச் சொன்ன ஆண்டு உங்கள் கோட்டில் சாதாரண ஆண்டாகத் தெரியும்.

‘ஐஇடி ஃபவுண்ட் / கிளியர்டு’ என்பது வெடிக்காமல் எடுத்த குண்டு. அதை வெடித்த குண்டுடன் சேர்த்தால், தேடும் படை அதிகமானாலே ‘தாக்குதல்’ அதிகமாகும். இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போடுங்கள்.

லவ்டேல்_பைன் (11.41)
இன்னொண்ணு. ‘எதிரி’ காலத்தை அப்படியே நம்பாதீங்க. 2007 ஜூலை 12 பாக்தாத்ல அப்பாச்சி ஹெலிகாப்டர் சுட்டதுல ராய்ட்டர்ஸ் ஆட்கள் ரெண்டு பேர் இறந்தாங்க, குறிப்புல அவங்களும் எதிரிக் கணக்குலதான். எழுதினது சுட்ட தரப்பு. ஸ்லைடுல ‘எதிரி என்று பதிவானோர்’னு போடுங்க, ‘கொல்லப்பட்ட கிளர்ச்சியாளர்கள்’னு போடாதீங்க.

கூடலூர்க்காரன் (சனி, காலை 6.55)
66,081 எல்லாம் ஒரு கணக்கா? 2006ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு 6,54,965 சாவுன்னு சொல்லுச்சு. அதைச் சொல்லாத செமினார் எதுக்கு?

அரவங்காடு_77 (7.20)
அது 47 இடத்துல 1,849 வீடுகள்ல கேட்டு நாடு முழுசுக்கும் பெருக்கினது. 2008ல வந்த ஈராக் குடும்ப சுகாதார ஆய்வு 9,345 வீடுகள்ல கேட்டு 1,51,000னு சொல்லுச்சு. வீடு அஞ்சு மடங்கு, எண் நாலுல ஒரு பங்கு. எதை நம்புவீங்க?

கூடலூர்க்காரன் (7.28)
அந்த 2008 ஆய்வுக்கு அரசாங்க ஆள் வந்து கேட்டா ஜனங்க பயந்து மறைப்பாங்க. அதை யோசிச்சீங்களா?

கேத்தி_பள்ளத்தாக்கு (7.45)
இருவரும் வேறு வேறு பொருளை ஒரே தராசில் வைக்கிறீர்கள். 6,54,965 என்பது போர் இல்லாமலிருந்தால் நேர்ந்திராத எல்லா மரணமும், நோயும் அதில் உண்டு. 1,51,000 வன்முறை மரணம் மட்டும். லான்செட்டின் வன்முறை மரணம் 6,01,027. ஒப்பிட வேண்டியது அதைத்தான். அப்போதும் இடைவெளி பெரிது. ஆனால் இரண்டும் மாதிரி வீடுகளில் கேட்டுப் பெருக்கிய மதிப்பீடு, பிழை எல்லை உண்டு. போர்க் குறிப்பும் ஈராக் பாடி கவுண்ட்டும் ஒவ்வொரு சம்பவமாக எண்ணியவை, அவை குறைந்தபட்சக் கணக்கு. ஏற்ற இறக்கம் காட்ட எண்ணியதைப் பயன்படுத்துங்கள். மொத்தம் எவ்வளவு என்று சொல்ல மதிப்பீட்டைப் பயன்படுத்துங்கள்.

பந்தலூர்_கொழுந்து (8.10)
இழை விலகுதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். 2009 வன்னிக்கும் இதேதான். அங்க இருந்த ஐ.நா. அலுவலகம் ஒவ்வொண்ணா எண்ணினது 7,721 பேர். 2011 நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம்னு சொல்லுச்சு. ஆளாளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போடறோம். 7,721 எப்ப நின்னுச்சுன்னு பாருங்க. மே 13. ஷெல் அடி தாங்காம எண்ணறதையே நிறுத்தின நாள் அது. போர் முடிஞ்சது மே 18, 19ல. அந்தக் கடைசி நாள்களுக்கு அந்தக் கணக்குல வரியே கிடையாது. இந்தத் தங்கச்சி சார்ட்ல 2004 மே எப்படியோ அப்படி. அங்க செத்தவங்க பேரை இந்த மலையில வாய்விட்டுச் சொல்ற வீடுகள் இருக்கு, அதனால எண்ணை எடுக்கறப்ப அது நின்ன தேதியையும் சேர்த்து எடுங்க.

குன்னூர்_ரயிலடி (8.22)
பந்தலூரண்ணா சொன்னதை அந்தப் பொண்ணு ஸ்லைடுலயே சேர்க்கலாம். வேணும்னா ஜிடிடியையும் சொல்லலாம், 1993 முழு வருஷமும் அதுல கிடையாது, அட்டைகள் தொலைஞ்சுபோச்சு. அதுக்காக 1993ல உலகத்துல குண்டே வெடிக்கலைன்னு யாரும் எழுதறதில்லை.

ஊட்டி_சேரிங்கிராஸ் (8.40)
இடையில ஒரு சந்தேகம். ஆப்கான் குறிப்புகளை எடுத்தா இந்த ஓட்டை வருமா?

குன்னூர்_ரயிலடி (8.51)
அதுல வேற ஓட்டை. மொத்தம் சுமார் 91,000 குறிப்பு, அதுல சுமார் 15,000 குறிப்பை நிறுத்தி வச்சுட்டு மீதியைத்தான் 2010 ஜூலைல வெளியிட்டாங்க. மாசக் கோட்டுல பூஜ்யமா விழாது, அதனாலதான் இன்னும் ஆபத்து, கண்ணுக்கே தெரியாது. பொதுமக்கள் சாவுக்கு அதை விட்டுட்டு ஐ.நா. மிஷனோட கணக்கை எடுங்க. 2009ல இருந்து முறையா எண்றாங்க, ஒரு சம்பவத்துக்கு மூணு விதமான சாட்சி இருந்தாத்தான் சேர்ப்பாங்க.

லவ்டேல்_பைன் (9.05)
அந்தப் பொண்ணு எங்க? வரி எண்ணிக்கை வந்துச்சா?

கோத்தகிரி_மாணவி (ஞாயிறு, மாலை 6.15)
1,09,032 சரியா வந்துருச்சு. முன்னாடி வரி உடைஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கும் சாம்பல் பட்டை போட்டு ‘குறிப்புகள் இல்லை’ன்னு எழுதிட்டேன். எல்லாருக்கும் நன்றி. சார்ஜ் 9 சதவீதம்தான், வர்றேன்.

கேத்தி_பள்ளத்தாக்கு (6.31)
நல்லது. ‘மர்டர்’ வகையைச் சேர்த்தீர்களா? சேர்த்த பிறகு 2006-இல் கோடு எந்த மாதம் உச்சம் தொடுகிறது?